அப்பா உயிரோடுதான் இருக்கிறார்

நவம்பர் பிறந்தால் போதும், என் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வி வந்துவிடும். வீட்டில் யாருக்கும் இந்தச் சந்தேகம் இல்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு, சட்னியில் உப்பு கம்மி என்று அம்மாவிடம் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். சந்தேகமெல்லாம் பென்ஷன் கொடுக்கிறவர்களுக்கு.

முன்பெல்லாம் இது சுலபமாக முடியும். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேங்க்குக்குப் போவார். மேனேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். "நல்லா இருக்கீங்களா?" என்பார். அப்பா "இருக்கேன் சார்" என்பார். அதுதான் விசாரணை, அதுதான் சாட்சியம். தாளில் ஒரு கையெழுத்து, ஒரு சீல். வரும் வழியில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அரைக் கிலோ மீன்.

2014 நவம்பரில் டிஜிட்டல் உயிர்ச் சான்றிதழ் வந்தது. இனிமேல் பெரியவர்கள் அலைய வேண்டியதில்லை, விரலை வைத்தால் போதும் என்றார்கள். அப்பா விரலை வைத்தார். அலைச்சல் அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. அதன் கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக ஒரு வெளிச்சம். சேவை மையத்துப் பையன் நல்ல பையன்தான். பாதி கன்னடம், பாதி தமிழ். "ஹெப்பெட்டு ஒத்தி தாத்தா" என்றான். அப்பா கட்டை விரலை அழுத்தினார். டொய்ங் என்று ஒரு சத்தம். ஒத்துப்போகவில்லையாம். "பக்கத்து வெரல் வைங்க." டொய்ங். நடுவிரல், மோதிர விரல், இடது கை என்று பத்து விரலுக்கும் பத்து டொய்ங். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் ஈரத் துணியில் துடைக்கச் சொன்னார், ஒருவர் எலுமிச்சம்பழம் என்றார், ஒரு அம்மாள் தேங்காய் எண்ணெய் என்றார். எண்ணெய் வைத்த பிறகு கருவி அப்பாவை மட்டுமல்ல, அவருக்கு அடுத்து வந்தவரையும் ஒத்துக்கொள்ளவில்லை.

கருவி மேல் தப்பில்லை. அப்பாவின் விரலில் ரேகையே கிடையாது. இருபத்தேழு வருஷம் தங்கவயல் மைன்ஸில் டிரில் பிடித்த கை அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது அவருக்கு வயது 48. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சுரங்கம் எங்களுடையது. அதன் அடிமட்டத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும். அவருடைய ரேகை சாம்பியன் ரீஃபில் ஏதோ ஒரு பாறைமேல்தான் இன்னும் இருக்கிறது. அதைத் தேடி யாராவது கீழே இறங்கினால் உண்டு. கீழே இப்போது தண்ணீர் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1930-இல் இதே தங்கவயல் தொழிலாளிகள் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று செய்தார்கள். கூலி கேட்டு அல்ல, விரல் ரேகை பதிய மாட்டோம் என்று. ரேகை எடுப்பது திருடனுக்குச் செய்கிற மரியாதை, எங்களுக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம். என் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்தான் என்று வீட்டில் சொல்வார்கள். கம்பெனி விரலைக் கேட்டது, தாத்தா மடக்கிக்கொண்டார். தொண்ணூறு சொச்சம் வருஷம் கழித்து அவர் பிள்ளை பத்து விரலையும் விரித்து நீட்டுகிறார்; மிஷின் வேண்டாம் என்கிறது. தாத்தா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

தொழில்நுட்பம் எங்களுக்குப் புதிதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிவசமுத்திரத்தில் காவேரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, 1902 ஜூனில், 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து முதலில் கொண்டுவந்தது எங்கள் ஊருக்குத்தான். பெங்களூருக்கு அது போய்ச் சேர 1905 ஆயிற்று. இந்தத் தகவலை நான் ஆபீசில் வாரம் ஒரு தடவையாவது சொல்வேன். யாரும் மதிப்பதில்லை. "ஓ, கேஜிஎஃப்பா! ராக்கி பாய் ஊரா?" என்பார்கள். 2018-இல் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு படம் வந்ததிலிருந்து போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால் ஹீரோவின் தாடிதான் வருகிறது. சாம்பியன் ரீஃப் ஆஸ்பத்திரிக்கு வழி தேட, இரண்டு டிரெய்லரைத் தாண்டிப் போக வேண்டும்.

இன்னொரு பெருமையும் உண்டு. நியூட்ரினோ என்று ஒரு துகள். எதிலும் லேசில் மோதாது, எதையும் லேசில் தொடாது, பூமியையே ஊடுருவிக்கொண்டு போய்விடும். 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, எங்கள் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்துக் காத்திருந்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்து வந்த நியூட்ரினோ அங்கே சிக்கியது. உலகிலேயே முதலில் அதைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அந்தத் துகளுக்கே சிக்னல் கிடைத்த ஊர் இது. அதே ஊரில், தரைக்கு மேலே, என் வீட்டு ஹாலில், போனுக்கு ஒரு கோடு வருவதில்லை. மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் டேங்குக்கு வலது பக்கம், கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு கோடு. கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று என் மகள் சொல்கிறாள். இருந்தாலும் பிடித்துக்கொள்கிறேன்.

என் வேலை பெங்களூரில். மாரிகுப்பத்தில் கிளம்புகிற விடியற்கால வண்டி; சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை, டேக்கல், மாலூர், ஒயிட்ஃபீல்ட் என்று போகும். சுரங்கம் மூடியதிலிருந்து பாதி ஊருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு செயலி உண்டு. அது சொல்வதைவிட எங்கள் பெட்டிக்காரர்கள் வாட்ஸப் குழு சொல்வதுதான் சரியாக இருக்கும். "உரிகம் தாண்டிடுச்சு, ஓடியா" என்று ஒரு வரி வந்தால் அது சத்தியம். அந்தக் குழுவைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

ஆபீஸ் குழு வேறு ரகம். மேலதிகாரி "நாளை பத்து மணிக்கு மீட்டிங்" என்று போடுவார். நாற்பது பேர் நாற்பது கட்டை விரல் போடுவோம். போடாவிட்டால் நாம் பார்க்கவில்லை, மதிக்கவில்லை, ஒருவேளை உயிரோடே இல்லை என்று அர்த்தம். மஞ்சள் நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கிற அந்த விரலை ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் ஒரு ரேகைகூட இல்லை. ஆனாலும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிறது.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள். போக வர ரயிலில் போகிற நாலரை மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த நாலரை மணியை ஆபீஸ் அப்படியே எடுத்துக்கொண்டது. ரயிலிலாவது தூங்கியிருப்பேன், சீட்டு ஆடியிருப்பேன், பல்லாரி வெங்காயம் என்ன விலை என்று நாலு பேரிடம் பேசியிருப்பேன். மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தபோது, அம்மா வடகம் பிழிய வந்து எனக்குப் பின்னால் நின்றதை டெல்லி அதிகாரிகள் வரை பார்த்தார்கள். மறுபடியும் ஆபீசுக்கு வரச் சொன்னபோது முதல் கட்டை விரல் என்னுடையது.

வீட்டுக்குள்ளும் நிலைமை அப்படியே. அப்பா காலத்தில் ஊருக்கு ஒரே சங்கு. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும், சோறு பொங்கும், பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பும். இப்போது வீட்டில் நாலு போன், நாலு அலாரம், நாலு பாட்டு. யார் அலாரத்துக்கு யார் எழுந்திருப்பது என்று தெரியாமல் நாலு பேரும் தூங்கிவிடுகிறோம். அப்பா மட்டும் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். சங்கு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு இன்னும் கேட்கிறது போலும். மச்சான் பரிசாகக் கொடுத்த பேசும் பெட்டி ஒன்றும் இருக்கிறது. "மோட்டார் போட இன்னா நேரம்?" என்று அம்மா அதனிடம் கேட்டாள். அது ஏதோ இங்கிலீஷ் பாட்டைப் போட்டது. எங்கள் தெருவுக்கு எந்த நாள், எந்த நேரம் தண்ணீர் விடுவார்கள் என்பது பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பெட்டியின் மேல் இப்போது ஒரு துணி போட்டிருக்கிறது.

இந்த வருஷம் முகத்தைக் காட்டினாலே சான்றிதழ் கிடைக்கும், வீட்டிலேயே செய்யலாம் என்று சேவை மையத்துப் பையன் வழி சொன்னான். அவனுக்கும் எண்ணெய்ப் பயம். போனில் ஒன்றுக்கு இரண்டு செயலிகள் இறக்கினேன். திறந்தால், அப்பாவைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை. முதலில் இதை இயக்குகிற நீ யார் என்றது. என் ஆதார், என் மெயில், என் ஓடிபி, என் முகம். அப்பா உயிரோடு இருப்பதைச் சொல்வதற்கு முன் நான் இருப்பதை நிரூபித்தாக வேண்டும். ஹாலில் ஓடிபி வராது. ஆகவே அப்பாவைக் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றினேன். மைன்ஸ் தூசி தின்ற நெஞ்சு. பதினெட்டுப் படிக்கு மூன்று தடவை நின்றார்.

"இன்னாடா கேக்குது அது?"

"கண்ணைச் சிமிட்டணுமாம்ப்பா."

"போட்டோவுக்கு எவனாச்சும் கண்ணைச் சிமிட்டுவானா?"

ஸ்டூடியோவில் கல்யாண போட்டோ எடுத்த காலத்து ஆள். கேமராவைக் கண்டால் முதுகு நிமிரும், கண் அகலத் திறக்கும், மூச்சு நிற்கும். போன் பச்சை வட்டம் காட்டிக் காத்திருந்தது. அப்பா அதை முறைத்துப் பார்த்தார். நேரம் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவையும் முறைத்தார். மூன்றாவது தடவை அம்மா கீழேயிருந்து, "ஏங்க, ஒரு தபா சிமிட்டித் தொலைங்களேன்!" என்று கத்தினாள். அவர் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.

அப்போதுதான் காற்று அடித்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சைனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்தூள், நூறு வருஷத்துக் குப்பை, குன்று குன்றாக நிற்கிறது. ஆடி மாதம் என்றால் ஊரே வெள்ளையாகிவிடும். நவம்பரில் அவ்வளவு இருக்காது. அன்றைக்கு என்னவோ, ஒரு பிடி கிளம்பி நேராக அப்பாவின் முகத்துக்கு வந்தது. அவர் சிமிட்டினார். ஒரு தரமல்ல, ஏழெட்டுத் தரம்.

போன் சந்தோஷமாக ஒரு டிங் போட்டது. ராத்திரி எட்டு மணிக்கு எஸ்.எம்.எஸ் வந்தது: அப்பா உயிரோடு இருக்கிறார். சத்தமாகப் படித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னார்.

சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும்.