அவளே விற்கிறாள்

ஜனவரி பிறந்ததும் எங்கள் அமெரிக்க அலுவலகத்துக் காப்பி மெஷின் பக்கத்தில் ஒரு வண்ணத் தாள் முளைக்கும். நூலில் கட்டிய பேனா ஒன்று அதோடு தொங்கும். தாளின் தலையில் குண்டு குண்டாக ஒரு பெண் குழந்தையின் பெயர். எழுத்து என்னவோ அப்பாவுடையதுதான். பிள்ளையைச் சொந்தக் காலில் நிறுத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட அப்பா. சற்று நேரத்தில் நம் இடத்துக்கே வந்து, தடுப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொல்வார்: "என் பெண் கேர்ள் ஸ்கவுட் குக்கீஸ் விற்கிறாள். எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள். நான் தலையிடுவதே இல்லை."

அப்படியானால் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க முடியாது. பெரும்பாலும் அவர்தான் நம் மேலாளர்.

தாளை வாங்கிப் பார்த்தால் முதல் வரியில் அவருக்கும் மேலே உள்ளவர் பத்துப் பெட்டி எழுதியிருப்பார். அடுத்தவர் ஆறு. அதன் கீழே 'ஒன்று' என்று எழுத யாருக்குக் கை வரும்? "எனக்குச் சர்க்கரை ஆகாது" என்று நழுவலாம்தான். ராணுவ வீரர்களுக்கு நன்கொடையாக அனுப்பலாம் என்று அதற்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருப்பார்கள்.

இந்த விற்பனையால் குழந்தைக்கு ஐந்து திறமைகள் வருமாம்: இலக்கு வைப்பது, முடிவெடுப்பது, பணத்தைக் கையாள்வது, மனிதர்களோடு பழகுவது, நேர்மையாக வியாபாரம் செய்வது. விரல் மடக்கிச் சொல்வார். நேர்மையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மற்ற நான்கும் அவருக்கு மிக நன்றாகவே வந்துவிட்டன. யாருக்குத் தின் மின்ட்ஸ் குக்கீ எத்தனை, யாருக்குச் சமோவாஸ் குக்கீ எத்தனை, யார் பாக்கி என்று எக்செல்லில் நிறம் பிரித்து வைத்திருப்பார். எங்கள் ப்ராஜெக்ட் கணக்கு ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பணம் வென்மோ செயலி வழியாக அவர் கணக்குக்கே போகும். பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் மகள் எழுதியதாகவே வரும்: "ஹலோ! எனக்கு எட்டு வயது." அனுப்பிய நேரம் இரவு 11:40.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. ஜூலியட் கார்டன் லோ 1912-ல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் சிறுமிகளுக்கான இந்தக் கேர்ள் ஸ்கவுட் இயக்கத்தைத் தொடங்கினார். 1917-ல் ஓக்லஹோமாவின் மஸ்கோகியில் ஒரு குழுச் சிறுமிகள் தாங்களே பிஸ்கட் சுட்டுப் பள்ளிக்கூடத்து உணவகத்தில் விற்றார்கள். 1922-ல் இயக்கத்தின் பத்திரிகை செய்முறையையே அச்சிட்டது. டஜன் 25, 35 சென்ட்டுக்கு விற்கலாம் என்று யோசனையும் சொன்னது. மாவு பிசைந்ததும், சூடு பட்டுக்கொண்டதும், கூவி விற்றதும் குழந்தைகள். இன்றைக்குச் சுடுவது பெரிய பேக்கரிகள், விற்பது அப்பா. குழந்தைக்கு மிஞ்சியிருப்பது சீருடையில் தைக்கிற வில்லை. அதைத் தைப்பது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

இவர் வீட்டு வாசலில் பிள்ளைகள் போடும் எலுமிச்சை ஜூஸ் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐஸும் பந்தலும் அவருடையவை, வாடிக்கையாளர்கள் நாங்கள். மூத்த பையன் கல்லூரியில் இருக்கிறான். அவன் சம்மதமில்லாமல் மதிப்பெண்ணைப் பெற்றோருக்குக் காட்டும் கட்டாயம் கல்லூரிக்குக் கிடையாது, 1974-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படி. அருமையான சட்டம் என்று இவரே மெச்சுவார். பையனுடைய பாஸ்வேர்டு இவரிடம் இருக்கிறது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒன்று எனக்கு ஆறுவதில்லை. வளர்ந்த ஆள் வந்து பணம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். இவர் ஆறடி உயரத்தில் நின்றுகொண்டு எட்டு வயதுக் குழந்தையின் பெயரால் கேட்கிறார். அதே குழுவில் இன்னொரு பெண் இருப்பாள். அவள் அம்மாவுக்குக் கிடங்கில் இரவு வேலை. தாள் மாட்ட அங்கே காப்பி மெஷினும் இல்லை, தட்டாமல் வாங்க ஆட்களும் இல்லை. அவள் பனியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி முப்பது பெட்டி விற்பாள். முந்நூறு விற்றதற்கான பரிசு நம்மவர் மகளுக்குப் போகும். உழைத்தால் உயரலாம் என்று அவர் அதைப் படம் பிடித்துப் போடுவார்.

ஒரு சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட் வாசலில் அவர் மகளையே பார்த்தேன். மடக்கு மேஜைக்குப் பின்னால் தொப்பியும் கையுறையுமாக நின்றிருந்தாள். பெட்டி 6 டாலர். மூன்று வாங்கிக்கொண்டு 20 டாலர் நோட்டை நீட்டினேன். அவள் யோசித்தாள். தள்ளுவண்டி வரிசைக்குப் பின்னாலிருந்து இரண்டு விரல்கள் எழுந்தன. விரல்களுக்குக் கீழே எங்கள் மேலாளர், உதடு அசைய, பரீட்சை ஹால் வாசலில் நிற்கும் தகப்பனைப் போல. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, நீங்க போய் கார்ல உக்காருங்க."

பேசாமல் போனார். என் கையில் இரண்டு டாலரை எண்ணி வைத்துவிட்டு, "தின் மின்ட்ஸை ஃப்ரீசர்ல வெச்சுச் சாப்பிடுங்க, நல்லா இருக்கும்" என்று தானாகவே சொல்லி, நான்காவது பெட்டியையும் என் தலையில் கட்டினாள். கெட்டிக்காரி. அவளுக்கு அப்பா தேவையே இல்லை.

திங்கட்கிழமை அவரிடம் அதையே சொன்னேன். முகம் மலர்ந்துபோயிற்று. "நான்தான் சொன்னேனே, எல்லாம் அவளே!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சின்னப் பையனும் இந்த வருஷம் ஸ்கவுட்ஸில் சேர்ந்திருப்பதாகவும், இலையுதிர் காலத்தில் பாப்கார்ன் விற்கப்போவதாகவும், எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான் என்றும் சொல்லி, எனக்கு எத்தனை டின் போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டார்.