வாளியோடு ஒரு பூதம்

ஃபேன்டஸி எழுதுகிறவர் வீட்டுக்கு வருகிறார் என்றால், பழுதானதையெல்லாம் ஒளித்துவைத்துவிடுவது நல்லது. ஒழுங்காகச் சுற்றுகிற மின்விசிறியை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடகடவென்று சத்தம் போட்டால்தான் நிமிர்வார், கண்ணை இடுக்குவார். "இதுல ஒரு கதை இருக்கு சார்."

போன மழையில் எங்கள் சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டி, வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருக்கிறேன். வந்தவர் மூடியருகே குந்தி உட்கார்ந்து, என் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தார். ஒத்தாசைக்குத்தான் என்று நம்பி வாளியை நீட்டினேன். "கீழே யாராவது குடியிருந்தா, அவங்களுக்கு நாம வானத்துலேர்ந்து கை நீட்டுற மாதிரி இருக்கும்ல?" என்றார். அவர் கை மட்டும் நீளவில்லை. பாக்கெட்டிலிருந்து மளிகைக்கடை பில் ஒன்றை எடுத்து, பின்பக்கம் கரு குறித்துக்கொண்டார். பேனா என்னுடையது.

கேட்டால் முன்னோடிகளை அடுக்குவார். டோல்கியன் பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது மாணவன் வெறுமனே விட்ட பக்கத்தில்தான் 'ஹாபிட்' முதல் வரியை எழுதினார். 1937இல் புத்தகமே வந்துவிட்டது. சி.எஸ். லூயிஸ் மனதில் பதினாறு வயதுவாக்கில், பனிக்காட்டில் குடை பிடித்து நடக்கும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவன் வந்து தங்கினான். நார்னியா அங்கே முளைத்தது. சரிதான் ஐயா, அவர் தன் பேப்பரைத் திருத்தினார், இவர் தன் மனதைப் பார்த்தார். அடுத்தவன் சம்ப்பை எட்டிப் பார்த்தது யார்? உடனே புதுமைப்பித்தன் கதைக்குத் தாவுவார். கடவுள் பிராட்வே முனையில் கிடைக்கவில்லையா? கிடைத்தார். ஆனால் கந்தசாமிப் பிள்ளை அவரைத் தன் வீட்டுக்கல்லவா கூட்டிப்போனார்!

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். பெரியம்மா விஷயத்தில் முடியவில்லை. நினைவு தப்பி, என்றோ செத்துப்போன தம்பி கூடத்தில் வந்து நிற்கிறான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு வாய் சாப்பிட வைக்க நாங்கள் படாத பாடு படுகிறோம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கமா வந்தாரும்மா? கால் தரையில பட்டுச்சா?" என்கிறார். வீட்டில் ஒருத்தி புத்தி கலங்கிக் கிடப்பது கதைக்கு அகப்பட்ட சரக்கா? கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். ஆனால் பெரியம்மா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஈரத்தலையோடு வந்தான், துண்டு கேட்டான், கிணற்றடியில் செருப்பை விட்டுவிட்டேன் என்றான். சொல்லிக்கொண்டே இரண்டு இட்லியும் தின்றுவிட்டாள். நாங்கள் ஒருவரும் அவளிடம் அப்படி எதுவும் கேட்டதில்லை.

கதை ஒரு தீபாவளி மலரில் வந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினேன். தம்பி இருக்கிறான், துண்டு இருக்கிறது. நானும் இருக்கிறேன்: வாளியும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற, எதிரில் நிற்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழட்டுப் பூதம்.

"பூதம் எப்படி சார்?" என்று போனில் கேட்டார். நன்றாக வந்திருப்பதாகச் சொல்லித் தொலைத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது, அந்த எரிச்சல் வேறு.