பின்சக்கரத்துக்கு ஒரு கல்

பின் பிரேக் காலிப்பர் தேய்ந்துபோனால் பிரித்து ரப்பர் கிட் போடுவதா, கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவதா? இந்தக் கட்டுரை முடிவதற்குள் பதில் சொல்லப்படும். அதற்கு முன், போன வாரம் அம்மையார்குப்பத்தில் இதை எழுதுபவரின் காருக்கு நடந்த வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். இடது பின்சக்கரம் கொதிக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் லீவர் நிற்கிறது, கார் நிற்பதில்லை. மெக்கானிக் குனிந்து பார்த்தார், சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினார், "ஜாம் அயிந்தி" என்று தெலுங்கில் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தண்டனையைத் தமிழில் அறிவித்தார்: "கிட்டெல்லாம் கிடைக்காது சார். செட்டா மாத்திடணும். அதுவரைக்கும் டிக்கியில ஒரு கல்லு வெச்சுக்கங்க."

(அம்மையார்குப்பம் இருக்கும் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ம.பொ.சி. உள்ளிட்டோர் போராடி ஊரை மீட்டார்கள். மெக்கானிக்குகளின் வினைமுற்றுகள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.)

கல் ஏற்கெனவே டிக்கியில் இருந்ததுதான் எரிச்சல்.

யார் டிக்கியில்தான் இல்லை? செங்கல் வைத்திருப்பவர் புதுசாக வண்டி வாங்கியவர்; ஒரு மேட்டில் நிறுத்தினாலே அது பொடியாகிவிடும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஹாலோ பிளாக் வைத்திருப்பவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கருங்கல்லில் ஒரு பக்கம் சரிவாக உடைந்த துண்டு வைத்திருப்பவர்தான் அனுபவஸ்தர். அதை அவர் யாருக்கும் இரவல் தரமாட்டார். லாரிக்காரர்களுக்கு இதற்கென்றே செதுக்கிய கட்டை உண்டு, அதைப் போட ஒரு கிளீனரும் உண்டு. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடுவார். காரில் கிளீனர் உத்தியோகம் வீட்டம்மாவுக்குப் போகிறது. "கல்லு போட்டியா?" "போட்டேங்க." "எந்தப் பக்கம்?" "பின்னாடி." "சரிவு முன்னாடி இருக்கும்மா!" இந்த உரையாடல் நடக்காத திருத்தணி தரிசனம் கிடையாது. 365 படியில் ஏறுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மலைப்பாதையில் காரோடு போகிறவர்களுக்குத்தான் கல். உடனே பக்கத்துக் காரிலிருந்து ஒரு ஆலோசகர் இறங்குவார். "ஒரு சக்கரத்துக்குப் பத்தாது சார், ரெண்டுக்கும் போடுங்க." கியரில் போட்டீர்களா, ஸ்டீயரிங்கைச் சுவர் பக்கம் திருப்பினீர்களா என்று எல்லாம் கேட்பார். ஹேண்ட் பிரேக் இழுத்தீர்களா என்று மட்டும் கேட்கமாட்டார். தரிசனம் முடிந்து வந்தால் கல்லைக் காணோம். அதே ஆலோசகர் வேறொரு காருக்கு அதை வைத்திருப்பார். இன்னொரு சாரார் கல்லை எடுக்காமலே ஏறி உட்கார்ந்து போய்விடுகிறார்கள். அந்தக் கல் நடுப்பாதையில் கிடந்து, இருட்டில் பைக்கில் வருகிற பையனுக்காகக் காத்திருக்கும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கல்லை ஓரமாகத் தள்ளிப் போடக் குனிய முடியாத முதுகு, அரை மணி நேரம் முன்பு சன்னதியில் விழுந்து கும்பிட்டதாக்கும்.

சரி, காலிப்பர்.

பின் பிரேக்குக்கு வேலை குறைவு. பிரேக் போட்டதும் பாரம் முன்பக்கம் சாய்வதால் பெரும்பங்கு உழைப்பு முன்சக்கரங்களுடையது. நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின்னால் இன்னும் டிரம்தான். டிஸ்க் வைத்த கார்களில் சிலவற்றுக்கு ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பருக்குள் ஒரு குட்டி லீவராக இருக்கும். தினமும் இழுத்துவிட்டால் அது அசைந்துகொண்டிருக்கும். இழுக்காமல் கல்லை நம்பினால் துரு ஏறி இறுகும். இறுகிய பிறகு, "பாத்தீங்களா, ஹேண்ட் பிரேக்கை நம்பக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்" என்று கல்காரர் ஜெயித்துவிடுவார்.

உள்ளே இருக்கும் சூட்சுமம் ஒரு ரப்பர் வளையம். மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாக முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கும். வயதாகி விறைத்தால் இழுக்காது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே போகும், சக்கரம் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. அதை வருஷக்கணக்கில் மாற்றாவிட்டால் பிஸ்டன் உள்ளேயே துருப்பிடிக்கும். இந்த ரப்பரைப் பெட்ரோலில் கழுவினால் ஊதிப்போகும். கழுவுகிறார்கள். லீவர் வைத்த பிஸ்டன் பலவற்றைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். சுத்தியலால் அடிக்கிறார்கள்.

இத்தனைக்கும் இது தொழில் தெரியாத வட்டாரமா? 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்படப் பிரிவு பக்கத்துச் சோளிங்கரில் இருக்கிறது. 2003இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கிய இடம். அம்மையார்குப்பமோ நெசவு ஊர். தறியில் ஒரு சின்ன உருப்படி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றி ஓட்டுவார்களே ஒழிய, "தறியையே செட்டா மாத்திடுங்க" என்று எவனாவது சொன்னால் தெருவைத் தாண்டமாட்டான். கார் என்றால் மட்டும் எல்லாருக்கும் தாராள மனசு.

லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் செம்பில் பட்டை போட்டதால் சத்தம் காதைக் கிழித்ததாம். விசைத்தறி ஓடும் தெருவில் சோதித்திருந்தால் யாரும் புகார் சொல்லியிருக்கமாட்டார்கள். 1953இல் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் வைத்த ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் நம்பியது. பிரேக்கை உலகம் நம்பினாலும், திருமலையில் தேவஸ்தானம் அதை மிதிக்கிற மனிதர்களை நம்பவில்லை. மலைப்பாதையில் வண்டி கீழே இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று நேரம் பார்த்து மடக்குகிறார்கள். அந்த இறக்கத்தில் டிக்கிக் கல்லுக்கு வேலை கிடையாது.

இனி, கிட்டா புதுசா என்ற கேள்வி. பிஸ்டனில் துருக்குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதைப் பார்க்கப் பிரிக்க வேண்டும், பிரித்தால் கிட் வேண்டும், கிட் கிடைக்காது. ஆகவே இதை எழுதுபவர் சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடைக்குப் போன் போட்டார். காலிப்பர் இருக்கிறதாம். வலது பக்கத்துக்கு.

"நமக்கு இடதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் சார், திருப்பி மாட்டிக்கலாம்."

திருப்பி மாட்டினால் ஏர் எடுக்கும் நிப்பிள் அடியில் போய்விடும். காற்று மேலேயே தங்கும், பெடல் பஞ்சாக அமுங்கும் என்று விளக்கப்பட்டது. மறுமுனையில் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். விலையில் முந்நூறு ரூபாய் குறைத்தார்கள்.