காது வளர்த்த கதை

கிட்டாருக்கு விரல் மட்டும் போதாது, காதும் வேண்டும் என்று சொல்லாத வாத்தியார் இல்லை. விரல் கணக்கில் எனக்கு ஏற்கெனவே பற்றாக்குறை. காதிலாவது ஈடுகட்டலாமே என்று, தலை நரைத்த பிறகு காது வளர்க்கத் தொடங்கினேன். பாம்படம் போட வளர்த்த பாட்டிமாருக்குக்கூட இவ்வளவு வலித்திருக்காது.

செல்போன் செயலி இரண்டு ஸ்வரங்களை ஒலிக்கவிடும்; நடுவே எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு பாட்டை நினைவில் வைத்துக்கொள் என்பது உபாயம். நானோ 1980-ல் வந்த 'மூடுபனி' படப் பாட்டின் கிட்டாரை நினைக்க ஆரம்பித்தால், சரணமெல்லாம் முடிந்துதான் ஊர் திரும்புவேன். அதற்குள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே, "ஏங்க, அது பஞ்சமம்" என்று மனைவி தீர்ப்பு சொல்லிவிடுவாள். வர்ணத்தோடு பாட்டு வகுப்பை நிறுத்தியவள். செயலியும் அவள் கட்சிதான்.

அடுத்தது கோர்டு. ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்க, நடுவிலிருப்பது அந்தர காந்தாரமானால் மேஜர். ஒரு ஃபிரெட் இறங்கி சாதாரண காந்தாரமானால் மைனர். மேஜர் சிரிக்கும், மைனர் அழும் என்பார்கள். என் எதிரில் இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கின்றன. டொமினன்ட் எங்கே டானிக்குக்குத் திரும்புகிறது என்று நான் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பெயர்களே தெரியாத மகள் போகிற போக்கில், "வீட்டுக்கு வந்துடுச்சுப்பா" என்கிறாள்.

எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இரு என்பது பாடம். ஃபிரிட்ஜைக் கேட்டேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் பெரும்பாலும் அதற்கு இரட்டிப்பாக, 100-ல் வரும். தடித்த ஈ தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி, 98. கிட்டாரோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்று காதை ஒட்டினேன்.

"பால் வேணுமா?"

"ஒரு இழை சுருதி கூடுதலா இருக்கு."

"பாலா?"

அன்று சாயங்காலம் மனைவி சுருதிப் பெட்டியைப் போட்டாள். கூடவே நானும் ஜி கோர்டை மீட்டினேன். "காந்தாரம் ஏறியிருக்கே" என்றாள். ட்யூனரில் ஆறு தந்திக்கும் பச்சை விளக்கு! விடாமல் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு ஃபிரெட்டுக்கு 100 சென்ட் என்று ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கியதால், கிட்டாரின் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் நிற்கிறது. தம்புராவோடு இழையும் காந்தாரமோ 386. அதற்கென்ன என்று பி தந்தியை 14 சென்ட் இறக்கினேன். ஜி கோர்டு தேனாய் இனித்தது. அடுத்து ஈ கோர்டைப் பிடித்தேன். அதே பி அங்கே பஞ்சமமாக உட்கார்ந்து பல்லைக் கூச வைத்தது. ஒரு கோர்டின் வயிற்றெரிச்சலில்தான் இன்னொரு கோர்டு வாழ முடியும் போலிருக்கிறது. தந்தியைப் பழையபடி ஏற்றிவிட்டேன்.

குற்றம் என்னுடையதல்ல, கிட்டார் செய்த விதம் அப்படி என்று 400, 386 எல்லாம் எழுதிக் காட்டி வாதாடினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பதினாலு எனக்குக் கேட்டுச்சு. நீங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டீங்க. சரி, பருப்பு வெச்சிருக்கேன், எண்ணுங்கன்னு சொன்னேனே, எத்தனை விசில் ஆச்சு?"