வடக்கே சில சந்தேகங்கள்

கப்பலுக்கு ஏன் அடிவயிறு மட்டும் சிவப்பாக இருக்கிறது? காசிமேட்டுப் பக்கம் வளர்கிற பிள்ளை அப்பாவைக் கேட்கும் முதல் பெரிய கேள்வி இதுதான். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ‘நான் எப்படிப் பொறந்தேன்?’ என்று கேட்டு அப்பாக்களைத் திணறடிக்கின்றன. அதையாவது சாமி கொடுத்தது, ஆஸ்பத்திரியில் வாங்கியது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். கப்பல் கண்ணெதிரே நிற்கிறதே, என்ன செய்வது?

என் அப்பா “அழகுக்கு” என்றார். பள்ளிக்கூடத்தில் “அது பாடத்துல இல்ல, உக்காரு” என்றார்கள். பதில் கிடைத்த இடம் எங்கள் தெருமுனை டீக்கடை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே பெஞ்சின் ஓரத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தார். சின்னவர் பெரியவர் எல்லாருக்குமே அவர் நைனா. டீயில் முக்கிய பொறை உடைந்து கிளாசுக்குள் விழ ஒரு நொடி இருக்கும்போது அதை வாய்க்குக் கொண்டுபோகிற வித்தை தெரிந்தவர். அந்தக் கணக்கு தெரிந்தவருக்குக் கப்பல் கணக்கா தெரியாது?

“அது தாமிரம் கண்ணு. பெயிண்ட்ல தாமிரம் கலந்துகீது. அத்தொட்டுதான் செவப்பு. சிப்பி, பாசி எதுவும் கிட்ட வராது. ஒட்டிக்கிச்சுன்னு வையி, கப்பலு நவுறாது, எண்ணெ செலவு எகிறிடும்.”

சிவப்பு நிறைய தெரிந்தால் கப்பல் காலி, தெரியவில்லையென்றால் சரக்கு நிறைய. கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். பக்கத்திலேயே இன்னும் சில சின்னக் கோடுகள். முதலாளிகள் பேராசையில் அளவு மீறி ஏற்றி மாலுமிகளை மூழ்கடித்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. பிரிட்டிஷ் பார்லிமென்டில் மல்லுக்கட்டி 1876இல் கொண்டுவந்த சட்டத்தின் அடையாளம் அது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அதற்குமேல் ஏற்றக் கூடாது. கடல் சாதுவாக இருக்கும் வெப்பப் பிரதேசத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, அதற்குத் தனிக் கோடு. திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவுக்கு அப்படி ஒரு கோடு போட இன்னும் ஒரு பிளிம்சால் பிறக்கவில்லை. எங்களுக்கும் வெப்பப் பிரதேசச் சலுகை என்று டிரைவர் நினைத்துக்கொள்கிறார்.

நைனாவிடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கேள்வி எதுவானாலும் எங்கள் பக்கத்துச் சந்தேகங்களின் பதில் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: “அது இங்கேர்ந்து போயிடுச்சு கண்ணு.”

மணலை எடுத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் நடந்து நடந்து கால் ஓய்ந்த பிறகுதான் கடல் வரும். திருவொற்றியூரில் ரோட்டைத் தாண்டினால் பாறாங்கல், கல்லைத் தாண்டினால் அலை. கோயம்புத்தூரிலிருந்து வந்த என் சித்தப்பா அந்தக் கல்குவியலைப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, பீச்சுக்கு எப்படிப் போறது?” என்று கேட்டார். “இதுதான் சித்தப்பா. பார்த்து உக்காருங்க, இடுக்குல நண்டு இருக்கும்” என்றேன். அவர் கடைசிவரை உட்காரவில்லை.

நம் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை. வருஷத்தில் பெரும்பாலான நாள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளிவிட்டுப் போகும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மட்டும் திருப்பித் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரவு வடக்குக்குத்தான். ஆதி காலத்திலிருந்து ஒழுங்காக நடந்த இந்தப் பட்டுவாடாவின் குறுக்கே வெள்ளைக்காரன் சுவர் வைத்தான். 1875இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டித் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881இல் ஒரு புயல் வந்து அந்தக் கைகளை முறித்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் சுவரில் முட்டி அங்கேயே தங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்த கரைக்குத்தான் 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயர் சூட்டினார். வடக்கே வரவு நின்றது, செலவு மட்டும் நிற்கவில்லை. அலை தெருத்தெருவாகத் தின்றது, அரசாங்கம் கல்லைக் கொட்டியது.

ஆக, மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருடைய வேட்டியிலும் ஒட்டியிருப்பது எங்கள் மணல். கேஸ் போடலாமா என்று நைனாவைக் கேட்டேன். “வுடு கண்ணு, ஒக்காந்துட்டுப் போறாங்க. பாவம், அவங்களுக்கும் ஒரு பீச்சு வோணும்ல?” என்றார். பறிகொடுத்தவனுக்குத்தான் இவ்வளவு தாராள மனசு வரும்.

ரயிலும் அப்படித்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. நாட்டில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் வயதில் மூத்தது ராயபுரத்துடையது. 1873இல் சென்ட்ரல் வந்தது, பெரிய வண்டிகள் அங்கே போய்விட்டன. எங்களுக்கு மின்சார ரயிலும் பழம்பெருமையும் மிச்சம்.

அந்தப் பெரிய வண்டிகளைப் பற்றி இந்தியாவே கேட்கிற ஒரு கேள்வி உண்டு. எங்கிருந்தோ நாற்பது மணி நேரம் பறந்து வந்த ரயில், சென்ட்ரல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பேசின் பிரிட்ஜில் ஏன் அசையாமல் நிற்கிறது? பயணிகள் அரக்கோணத்திலேயே பெட்டியை இறக்கி, பெரம்பூரில் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்து பெட்டியும் கையுமாக ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். காரணம் எளிது. சென்ட்ரல் முட்டுச்சந்து, வந்த வழியே திரும்பினால்தான் வண்டி வெளியே போக முடியும். உள்ளே போகிற வண்டியும் வெளியே வருகிற வண்டியும் ஒன்றின் பாதையை ஒன்று வெட்டிக்கொண்டு போகிற இடம் பேசின் பிரிட்ஜ். ஒன்று விலகினால்தான் அடுத்தது நகரும். எனக்கென்னவோ, பழைய ஊரை விட்டுப் போக மனசில்லாமல் நிற்கிறது என்றே தோன்றும்.

அடுத்தது புல்லட். அந்த ‘டப டப’ எப்படி வருகிறது? பழைய புல்லட்டில் பெரிய சிலிண்டர் ஒன்றே ஒன்று, 346 சி.சி. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்க 90 மில்லிமீட்டர் தூரம். என்ஜின் நிதானமாகச் சுற்றும், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. அதனால் ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டது. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் இங்கிலாந்தில் மூச்சை விட்டது. பிள்ளை இங்கே கம்பீரமாக உறுமிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வண்டியை வாங்குகிறவர் முதல் வேலையாகத் தாடி வளர்த்துக்கொண்டு லடாக் கிளம்புகிறார். திருவொற்றியூரில் பிறந்த வண்டி பனிமலை பார்க்கிறது. திருவொற்றியூரில் பிறந்த நான் தேரடிக்கு ஷேர் ஆட்டோவில், ஒற்றைக் காலில் தொற்றிக்கொண்டு போகிறேன்.

கரண்ட் பற்றிக் கேட்கவே வேண்டாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்து, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017இல் மூடப்பட்டது. அதற்கும் வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. புகைபோக்கிக்கு ஏன் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார்கள் என்று கேட்டால், விமானம் முட்டாமல் இருக்க. சரி, அந்தப் புகைபோக்கி தெரிகிற வீட்டில் ஏன் கரண்ட் போகிறது? தயாராகிற மின்சாரம் அத்தனையும் உயர் அழுத்தக் கம்பியில் ஏறிப் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். நம் வீட்டுக்கு வருவது தெருமுனை டிரான்ஸ்பார்மர் மனசு வைத்தால்தான். மின்சாரம் ஊருக்கு, சாம்பல் எண்ணூர் முகத்துவாரத்துக்கு. நைனா இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பொறையை முக்கினார், அன்றைக்கு அது உடைந்து கிளாசுக்குள் விழுந்தது.

எங்களை விட்டுப் போகாத ஒன்று உண்டு: வாசனை.

அது ஏன் ராத்திரியில்தான் வருகிறது என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் விவாதம். பகலில் தரை சூடாகிவிடும், கடலிலிருந்து காற்று ஊருக்குள் வரும். அப்போது ஆலைகளின் வாசனை மேற்கே போகும். ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மேற்கே மணலி ஆலைகள், கிழக்கே கடல், நடுவே போர்வைக்குள் நாங்கள். குளிர்ந்த காற்று மேலே எழும்பாமல் தரையோடு தங்குவதால் புகையும் கூடவே தங்கும்.

வேடிக்கை என்னவென்றால் எங்களுக்கு அது தெரியாது. ஒரே வாசனை விடாமல் வந்தால் சில நிமிஷங்களிலேயே மூக்கு அதைக் கணக்கில் வைப்பதை நிறுத்திவிடும். விருந்தாளி வந்தால்தான் எங்கள் மூக்குக்கு மறுபடி உயிர் வரும். அவர் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்து, “ஓ, இன்னிக்கு வருதா?” என்று தெரிந்துகொள்வோம். அதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. மூக்கு ராஜினாமா செய்தாலும் நுரையீரல் ஓவர்டைம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

வாசனை என்றால் மீனைச் சொல்லாமல் எப்படி? காசிமேட்டில் விடியுமுன் ஏலம் முடிந்துவிடும். நல்ல வஞ்சிரமும் இறாலும் ஐஸ் பெட்டிக்குள் படுத்து ஓட்டலுக்கும் வெளியூருக்கும் போய்விடும். எங்கள் பங்குக்கு நெத்திலியும் சங்கராவும். மீன் விற்கிற அக்கா செவுளைத் தூக்கி, “ரத்தத்தைப் பாரு, இப்பதான் செத்துச்சு” என்பார், கூட இருந்து வழியனுப்பியவர் போல. மீன் குழம்புக்கு ஏன் புளி என்று ஒருமுறை அவரைக் கேட்டேன். “புளி இல்லாம குழம்பு வச்சு உன் பொண்டாட்டிகிட்ட குடு, அவ சொல்லுவா” என்றார். விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. கடல்மீன் செத்த பிறகு பாக்டீரியா வேலை செய்து டிரைமெத்திலமைன் என்ற வாயுவை உண்டாக்கும். அதுதான் கவுச்சி. அது காரத்தன்மை உள்ளது. புளியோ எலுமிச்சையோ பட்டால் உப்பாகிவிடும், காற்றில் ஏறி மூக்குக்கு வராது. மணலிக் காற்றுக்கு ஊற்ற ஒரு புளிக்கரைசல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எல்லாம் போகிற ஊரில் மனிதர்கள் மட்டும் எப்படி இருப்பார்கள்? என் மச்சான் வேளச்சேரியில் வீடு பார்க்கிறேன் என்றபோது என் மாமியார் சுந்தரரைக் கூப்பிட்டார். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் கேட்டார்கள். அவர் கெட்டிக்காரர். சந்நிதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவபெருமானிடம் ரகசிய ஏற்பாடு. சிவன் அதைவிடக் கெட்டிக்காரர். மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். வசமாக மாட்டியவர் சத்தியத்தை மீறித் திருவாரூருக்குக் கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. ஒரு கண் காஞ்சிபுரத்திலும், மற்றது திருவாரூரிலும்தான் திரும்பக் கிடைத்தது. “அவரு தேவாரம் பாடுனவரு, கண்ணு திரும்பி வந்துச்சு. நீ என்ன பாடுவ?” என்று மாமியார் கேட்டார். மச்சான் இன்னமும் தேரடியில்தான் இருக்கிறார்.

வேண்டும் என்றே இங்கே தங்க வந்தவர் எனக்குத் தெரிந்து பட்டினத்தார். பேய்க்கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவருக்குத் திருவொற்றியூரில்தான் அது தித்தித்ததாம். கடற்கரையில் மீனவச் சிறுவர்களோடு மண்ணில் விளையாடி, இங்கேயே சமாதி ஆனார். அப்போது இங்கே மண் இருந்தது.

நல்லதாக ஒன்றுகூட இல்லையா என்றால், இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது, அடுத்த வருஷம் விம்கோ நகர் பணிமனை நிலையமும் திறந்தது. வழக்கம்போல் அதுவும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் எல்லாம் கிளம்பிப் போகிற ஊரில் இருப்பதன் லாபத்தை முதல் தடவையாக அப்போதுதான் கண்டேன். பெட்டி காலியாக இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது! தண்டையார்பேட்டையில் நிறைகிறது, மண்ணடியில் நெருக்குகிறது. ஆயிரம் விளக்கில் ஏறிய ஒரு கனவான் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் குனிந்து, “சார், எங்கே இறங்குறீங்க?” என்று கேட்டார்.

“ஏர்போர்ட்” என்றேன். எனக்கு வேலை சைதாப்பேட்டையில்தான். இருந்தாலும் எங்கள் மணலில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் அவர்!