கேஸ் வாழ்க!

கீழ்வேளூர்ப் பக்கம் வயிற்று வலிக்கு ஒரே நோய்தான் அனுமதி: கேஸ். சம்பா நட்டுவிட்டு வந்த கிழவி நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாலும் கேஸ்தான். வீட்டில் ஓம வாட்டர், கடைத்தெருவில் சோடா, கிளினிக்கில் ஒரு ஊசி. அடங்கவில்லையா, பெரிய கேஸ், இரண்டு ஊசி.

வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார்கள், மெத்தென்று இருக்கிறது. கிழவியோ அலறுகிறாள். "சும்மா ஆர்ப்பாட்டம் பண்ணுது." அடப்பாவிகளா! வயிறு மெத்தென்று இருந்தும் வலி உயிர்போகிறதென்றால், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம் என்று உங்கள் பாடப்புத்தகமே கத்துகிறதே! நாடி பிடித்தால் அது தாறுமாறாக ஓடுவது தெரியலாம். ஒரு ஈ.சி.ஜி. எடுத்தால், இதயத்திலிருந்து ரத்தக்கட்டி கிளம்பியிருக்குமோ என்ற சந்தேகமாவது வரும். ஆனால் ஈ.சி.ஜி. நெஞ்சுவலிக்காரர்களின் குலச்சொத்து.

சுமார் ஆறு மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். அதற்குள் சாதா ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்பார்கள். மருந்து ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோ சி.டி.க்கு, கிட்னி டெஸ்டான கிரியேட்டினின் ரிசல்ட் வரவேண்டுமாம். பிறகு 108 ஏறி நாகை, திருவாரூர், தஞ்சாவூர் என்று சுற்றுலா. ஊருக்கு ஊர் புதுச் சீட்டு. இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. பிழைக்க எங்கே விட்டோம்?

கேஸுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: வயிற்றின் பெருந்தமனி வீங்கி வெடித்தால் முதுகும் சேர்ந்து வலிக்கும். நம் ஊரில் அதற்குப் பெயர் கிட்னி கல். 1955-இல் ஐன்ஸ்டைனைக் கொன்றது அதுதான். கீழ்வேளூரில் பிறந்திருந்தால் வாழைத்தண்டுச் சாறும் குடித்துவிட்டுச் செத்திருப்பார்.

சாலை விபத்துக்கு 2021-இல் 'நம்மைக் காக்கும் 48' வந்தது, நெஞ்சுக்கு 2023-இல் 'இதயம் காப்போம்'. நல்ல திட்டங்கள்தாம், குறை சொல்லவில்லை. வயிறுதான் இன்னும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 மருத்துவக் கல்லூரிகளுக்குத் திறப்புவிழா. நாகையும் அதில் ஒன்று. கல்வெட்டில் பெயர்கள் பளிச்சென்று இருக்கின்றன.

"அபூர்வ நோய் சார், எதிர்பார்க்க முடியாது" என்பார்கள். தேடாதவனுக்கு எல்லாம் அபூர்வம்தான். இறப்புச் சான்றில் 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் இன்னும் அபூர்வம்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் திடீரென்று வந்த வயிற்று வலி ஊசிக்கும் அடங்கவில்லையென்றால், ஈ.சி.ஜி. கேளுங்கள், ஆஞ்சியோ சி.டி. எங்கே உண்டோ அங்கே நேராகப் போங்கள். தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், 'இது கேஸ்தான்' என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.