படி மாமா

சென்னையின் தெற்கே மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், அரை கிரவுண்டில் வீடு கட்டி ஓய்வு பெற்ற ஒருவர் பனியனோடு கேட்டருகே நிற்பார். சாலையின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார். "நாங்க கட்டுறப்போ நாலு படி ஏறணும் சார்" என்பதை அவர் சொல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. தார் போட்டதில் ஒரு படி போயிற்று. அதன்மேல் மறுபடியும் தார், பிறகு சிமெண்ட். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். தெருக்காரர்கள் அவருக்குப் 'படி மாமா' என்று பெயர் வைத்து, அவர் தலை தெரிந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். தொந்தரவு பிடித்த மனிதர்தான். ஆனால் தெருவின் வரலாற்றை ஒழுங்காகக் குறித்துவைத்திருக்கும் ஒரே அலுவலகம் அவர் வீட்டு வாசற்படி என்பது என் கட்சி.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். அதன் நகல் மாமாவிடம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குத் தார் லாரி வந்தால் உறையோடும் ரசமட்டத்தோடும் இறங்கிவிடுவார். "நான் கூலிக்கு வந்தவன் சார், ஆபீஸ்ல பேசுங்க" என்பார் மேஸ்திரி. ஆபீஸ் விடியும்போது தார் காய்ந்திருக்கும். வசதியுள்ளவர்கள் அடித்தளத்தில் வரிசையாக ஜாக்கி கொடுத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்கிவிடுகிறார்கள். தண்ணீர் அப்போதும் எங்கேயும் போய்விடுவதில்லை. தூக்காத பக்கத்து வீட்டுக்குள் போகிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து இன்னொரு படி மாமா.

'அவர் கட்டியதே ஏரிப் பக்கம். போதாக்குறைக்கு, கார் ஏறுவதற்குத் தெருவுக்குள் இரண்டடி சாய்தளம் நீட்டி மழைநீர்க் கால்வாயையும் மூடிவிட்டார். இவருக்கு என்ன நியாயம்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டியின் மேல் அவர் துளசி மாடம் வைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மனைக்குப் பத்திரம் பதிந்தவர்களும் வரி போட்டவர்களும் அதே ஏரியைப் பார்த்தவர்கள்தானே. ஆளிடம் குற்றம் இருப்பதால் ரசமட்டத்தின் குமிழி பொய் சொல்லிவிடாது.

தன் வாசலைத் தாண்டி அவருக்கு எதிலும் அக்கறையில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதை ஆலந்தூர் ஏற்காது. அங்கே பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டபோது, நலச்சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. தோண்டாத குழிக்கு யார் பணம் தருவார்கள் என்று எல்லாரும் சிரிக்கக்கூடிய திட்டம் அது. மக்கள் கட்டினார்கள், திட்டமும் நிறைவேறியது. அலுக்காமல் மணியடித்து, ரசீது எழுதி, மறுநாளும் வந்து நிற்கும் குணம் இல்லாமல் இது நடந்திருக்காது. அந்தக் குணத்துக்குத்தான் நாம் தொந்தரவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆகையால், அடுத்த சாலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்கள் முதலில் இவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம். அளவு தயாராக இருக்கும். காபியும் கிடைக்கும். என்ன, கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாகும்.